எம்டன் மெட்ராஸ்ல குண்டு போட்டது தெரியும், தீவுல மாட்டிக்கிட்ட அந்த 50 பேர் கதை தெரியுமா?

போர் வரலாறுல யாரும் அவ்வளவா பேசாத ஒரு சம்பவம் சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க. எனக்கு உடனே ஞாபகம் வர்றது எம்டன்தான். என்னப்பா இது, எம்டன் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு நினைப்பீங்க. ஆமா, கப்பல் தெரியும், ஆனா பாதிக்கதைதான் தெரியும், சினிமால இண்டர்வெல்லோட எழுந்து வந்த மாதிரி.

எங்க பாட்டி, வீட்டுல யாராவது வாலு பண்ணா "இது சரியான எம்டன்"னுதான் திட்டும். அது ஒரு கப்பல் பேருன்னே எனக்கு காலேஜ் போற வரைக்கும் தெரியாது, ஏதோ எமனோட சொந்தக்காரன்னு நினைச்சுட்டு இருந்தேன். அப்புறம் ஒருநாள் பாரிமுனை பக்கம் ஹைகோர்ட் காம்பவுண்டு சுவத்துல இருக்கற கல்வெட்டை பாத்துட்டுதான் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

தெரிஞ்ச பாதியை வேகமா சொல்லிடறேன். முதல் உலகப் போர் சமயம், 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஒன்பதரை மணி வாக்குல ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிர்ல வந்து நின்னு 125 குண்டு மாதிரி போட்டுச்சு, பர்மா ஆயில் கம்பெனி டேங்குங்க பத்திக்கிச்சு, துறைமுகத்துல சில பேர் செத்தாங்க, கரையில இருந்து திருப்பி சுடறதுக்குள்ள கிளம்பிடுச்சு. ஊரே காலி பண்ணிட்டு ஓடுச்சு. கேப்டன் பேரு கார்ல் ஃபான் முல்லர். அந்தக் கப்பல்ல நம்ம சுதந்திரப் போராட்டக்காரர் செண்பகராமன் பிள்ளை இருந்தார்னு நம்ம ஊர்ல ஒரு கதை இன்னைக்கும் ஃபார்வர்டு ஆகிட்டே இருக்கு, அது உண்மை இல்லைங்க, அந்த சமயத்துல அவர் ஐரோப்பாவுல இருந்தார்.

இப்ப இண்டர்வெல்லுக்கு அப்புறம்.

மெட்ராஸ்ல இருந்து போன எம்டன் இந்தியப் பெருங்கடல்ல கப்பல் கப்பலா பிடிச்சு மூழ்கடிச்சுட்டு, அக்டோபர் 28 பினாங்கு துறைமுகத்துக்குள்ளயே புகுந்து ஒரு ரஷ்ய போர்க்கப்பலை காலி பண்ணிட்டு, வெளிய வரும்போது ஒரு பிரெஞ்சு டிஸ்ட்ராயரையும் முடிச்சுட்டு, நவம்பர் 9 காலையில கோகோஸ் தீவுகள்ல டைரக்‌ஷன் ஐலண்டுன்னு ஒரு குட்டித் தீவுக்கு வந்துச்சு. அங்க என்ன இருந்துச்சுன்னா பிரிட்டிஷ் தந்தி கேபிள் ஸ்டேஷன். ஆஸ்திரேலியாவுக்கு, ஜாவாவுக்கு, ஆப்பிரிக்கா பக்கம் போற கடலடி கேபிள் எல்லாம் கூடற இடம். அதை வெட்டிட்டா பிரிட்டிஷ்காரனுக்கு ஒரு காது போச்சு.

முல்லர் தன்னோட அடுத்த ஆபீசர் ஹெல்முட் ஃபான் மூக்கேவை அனுப்பறார். கூட ஆளுங்க சேர்த்து மொத்தம் 50 பேர், நாலு மெஷின் கன், கொஞ்சம் துப்பாக்கி. ரெண்டு மணி நேர வேலை, சாப்பாடு தண்ணி எதுவும் எடுத்துக்கல. ஆனா ஸ்டேஷன்காரங்க லேசுப்பட்ட ஆளுங்க இல்ல. எம்டனுக்கு மூணு புகைபோக்கிதான், பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரியணும்னு துணியில நாலாவதா ஒண்ணு பண்ணி மாட்டியிருப்பாங்க, அது டுபாக்கூர்னு கரையில இருந்தே கண்டுபிடிச்சுட்டாங்க. வயர்லெஸ்ல உடனே "வாசல்ல யாரோ தெரியாத கப்பல்"னு செய்தி போயிடுச்சு.

மூக்கே ஆளுங்க கரையேறி கருவிகளை எல்லாம் உடைச்சாங்க. எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச இடம் எதுன்னா, வயர்லெஸ் கம்பத்தை சாய்க்கப் போறப்ப ஸ்டேஷன்காரங்க வந்து, சார் டென்னிஸ் கோர்ட்டு மேல மட்டும் விழாம பாத்துக்கோங்கன்னு கேக்கறாங்க, இவங்களும் சரின்னு வேற பக்கம் சாய்ச்சு விடறாங்க. அதோட விடல, எம்டன் ஆளுங்களுக்கு ஜெர்மனியில அயர்ன் கிராஸ் மெடல் அறிவிச்சிருக்காங்கன்னு நியூஸ் வந்தது, வாழ்த்துக்கள்னு எதிரிக்கே கை குடுக்கறாங்க. இந்த மாதிரி படிக்கும்போது "அந்தக் காலத்து போர்ல எவ்வளவு டீசன்சி"ன்னு உருகற ஆளுங்க உண்டு. நான் அப்படி உருக மாட்டேன், அதே மணி நேரத்துக்குள்ள என்ன நடந்துச்சுன்னு பாருங்க.

பக்கத்துலதான், ஒரு 80 கிலோமீட்டர் தள்ளி, ஆஸ்திரேலியா நியூஸிலாந்து சிப்பாய்களை ஏத்திட்டு ஒரு பெரிய கப்பல் கூட்டம் போயிட்டு இருந்துச்சு. எம்டனுக்கு இது சுத்தமா தெரியாது. அதுக்குக் காவலா வந்த சிட்னிங்கற போர்க்கப்பல் செய்தியை கேட்டு திரும்புச்சு. எம்டன்ல இருந்தவங்க தூரத்துல புகையைப் பாத்து நம்ம நிலக்கரி கப்பல்தான் வருதுன்னு நினைச்சுட்டாங்க. கிட்ட வந்ததும்தான் தெரிஞ்சுது. எம்டன் சங்கு ஊதிப் பாத்துட்டு, காத்திருக்க நேரம் இல்லாம நங்கூரத்தை தூக்கிட்டு கிளம்பிடுச்சு. மூக்கே ஆளுங்க படகுல ஏறி துரத்தறாங்க, எங்க பிடிக்கறது? கரைக்கே திரும்பி, ஒரு கூரை மேல ஏறி நின்னு சொந்தக் கப்பல் அடி வாங்கறதைப் பாக்கறாங்க. எம்டன் பீரங்கி நாலு இஞ்ச், சிட்னி பீரங்கி ஆறு இஞ்ச், அவ்வளவுதான் கணக்கு. ரெண்டு மணி நேரத்துக்குள்ள எம்டன் பக்கத்துல இருக்கற வடக்கு கீலிங் தீவு பவளப்பாறையில ஏறி நின்னுடுச்சு, 130 பேருக்கு மேல சாவு. சிட்னியில நாலு பேர்.

இப்ப தீவுல 50 பேர். கப்பல் இல்ல, நாளைக்கு சிட்னி வரும், பிடிச்சுட்டுப் போகும். வேற யாரா இருந்தாலும் வெள்ளைக்கொடி காட்டிட்டு உக்காந்திருப்பாங்க. மூக்கே என்ன பண்ணாருன்னா, அங்க நங்கூரம் போட்டு நின்ன ஒரு பழைய பாய்மரக் கப்பலைப் பாத்தாரு. ஆயிஷான்னு பேரு, மூணு பாய்மரம், 97 டன், அந்தத் தீவை வெச்சிருந்த குளூனிஸ்-ராஸ் குடும்பத்துது, கொப்பரை ஏத்திட்டுப் போக வெச்சிருந்தது. அதை எடுத்துக்கறேன்னாரு. ஸ்டேஷன்காரங்களே, ஐயோ வேணாங்க, அடிப்பலகை எல்லாம் உளுத்துப் போச்சு, சாவீங்கன்னு சொல்லியிருக்காங்க. கேக்கல. சரி போங்கன்னு சாப்பாடு, துணி, புகையிலை எல்லாம் குடுத்து, ஆட்டோகிராப் வாங்கிட்டு, மூணு தடவை ஜே போட்டு வழியனுப்பி வெச்சாங்க. மறுநாள் காலையில சிட்னி வந்தப்ப ஆயிஷா இல்ல. கரையில இருந்து பாக்கறவங்க ஆப்பிரிக்கா பக்கம் போறாங்கன்னு நம்பணும்னு மொதல்ல மேற்கால போயிட்டு, இருட்டினதும் வடக்கால திருப்பிட்டாரு. கெட்டிக்காரன்!

அந்த உளுத்த மரக்கலத்துல ஜெர்மன் போர்க்கொடியை ஏத்தி அதையும் எஸ்.எம்.எஸ். ஆயிஷான்னு ஆக்கிட்டாங்க. எஸ்.எம்.எஸ்.னா நம்ம மெசேஜ் இல்ல, ஜெர்மன்ல "மன்னரோட கப்பல்"னு அர்த்தம். அஞ்சாறு பேர் ஓட்டற கப்பல்ல 50 பேர். பெரிய பிரச்சனை தண்ணி. இருந்த டேங்குல ஒண்ணைத் திறந்தா நாத்தம், குடிக்க முடியாது. மழை வந்தப்ப பாயை விரிச்சுப் பிடிச்சுதான் உயிர் பிழைச்சாங்க. மழை கொஞ்சம் லேட்டாயிருந்தா இந்தக் கதையை சொல்லவே ஆள் இருந்திருக்காது. இதை எல்லாரும் வீரம் வீரம்னு எழுதறாங்க, என்னைக் கேட்டா பாதி அதிர்ஷ்டம்.

நவம்பர் 27 சுமத்ராவுல பதாங் துறைமுகம். டச்சுக்காரன் ஊரு, போர்ல எந்தப் பக்கமும் இல்லாத நாடு. போர்க்கப்பல்னு சொன்னா 24 மணி நேரத்துல கிளம்பணும், இல்லாட்டி கப்பலைப் பறிச்சுட்டு எல்லாரையும் உள்ள உக்கார வெச்சுடுவாங்க, அதுதான் சட்டம். சாப்பாடு தண்ணி தருவோம், மேப்பு துணிமணி தரமாட்டோம், தந்தா உங்க போர் பலம் கூடிடும்னு சொல்லிட்டாங்க. சட்டைக்கும் போர் பலத்துக்கும் என்ன சம்பந்தம்னு மூக்கேவுக்கு வந்த கடுப்பு நியாயமானதுதான். துறைமுகத்துல நின்ன ஜெர்மன் வணிகக் கப்பல்காரங்க யாருக்கும் தெரியாம கொஞ்சம் உதவி பண்ணாங்க. மறுநாளே கிளம்பி கடல்ல ஒரு இடத்துல சுத்திக்கிட்டு இருந்தாங்க, டிசம்பர் நடுவுல சோய்சிங்னு ஒரு ஜெர்மன் ஸ்டீமர் வந்து சேர்ந்துச்சு. கொந்தளிப்புல ரெண்டு நாள் கழிச்சுதான் ஏற முடிஞ்சுது. டிசம்பர் 16 ஆயிஷாவை அவங்களே ஓட்டை போட்டு மூழ்கடிச்சாங்க.

இதுக்குள்ள துருக்கி ஜெர்மனி பக்கம் போர்ல குதிச்சிருந்துச்சு. அப்ப, துருக்கி கையில இருக்கற அரேபியா பக்கம் போயிட்டா நம்ம ஆளுங்கன்னு கணக்கு. சோய்சிங்குக்கு இத்தாலி கப்பல் வேஷம் போட்டு, கொடியும் தைச்சு, பச்சைக் கலர் பெயிண்ட் கிடைக்காம எதை எதையோ கலக்கி, ஒரு ராத்திரி பிரிட்டிஷ் காவல் இருக்கற பெரிம் தீவுப் பக்கத்து ஜலசந்தியை, அதாவது செங்கடலோட வாசலை, நைசா தாண்டிட்டாங்க. 1915 ஜனவரியில ஏமன்ல ஹொதைதாவுக்கு கிட்ட வந்தா நீளமா வரிசையா லைட்டு. ஆஹா, துறைமுகப் பாலம்னு சந்தோஷப்பட்டு கிட்ட போய்ப் பாத்தா அது ஒரு பிரெஞ்சு போர்க்கப்பல். நல்லவேளை அவங்க கண்ணுல படல. சத்தம் போடாம படகுல இறங்கி கரையேறிட்டாங்க.

கரையேறினா அரபு ஆளுங்க துப்பாக்கியோட சுத்தி நிக்கறாங்க. பாஷை தெரியாது. கொடியைக் காட்டினா புரியல. கடைசியில ஜெர்மன் மன்னர் தலை போட்ட தங்கக் காசை எடுத்துக் காட்டின அப்புறம்தான் "அலெமான், அலெமான்"னு சந்தோஷமா கத்தியிருக்காங்க.

இனிமே நிம்மதின்னு நினைப்பீங்க. இனிமேதான் கஷ்டமே. மலைமேல சனாவுக்கு போனா உள்வழியா வடக்கே போயிடலாம்னு துருக்கி அதிகாரிங்க சொன்னாங்க, போய்ப் பாத்தா வழியும் இல்ல ஒண்ணும் இல்ல, காய்ச்சலும் வயித்தாலயும்தான் மிச்சம். ரெண்டு மாசம் வீண். திரும்ப கடற்கரைக்கு வந்து, மார்ச் மாசம் சம்புக்னு சொல்ற சின்ன அரபுப் பாய்மரப் படகு ரெண்டுல வடக்கால கிளம்பினாங்க. ஒரு படகு பவளப்பாறையில மோதி கவுந்துச்சு, ராத்திரியில தத்தளிச்சவங்களை எல்லாம் இன்னொரு படகுல இழுத்துப் போட்டாங்க. கடல்ல பிரிட்டிஷ் ரோந்து இருக்குன்னு தெரிஞ்சு அல் லித்ங்கற இடத்துல இறங்கி ஒட்டகத்துல மாறினாங்க.

ஜெட்டாவுக்கு கொஞ்ச தூரம்தான் இருக்கு, ஏப்ரல் 1, விடியக்காலை, விசில் சத்தம், எல்லாப் பக்கமும் துப்பாக்கி. நூத்துக்கணக்கான பெதுயின் ஆளுங்க, பாலைவனத்து நாடோடிங்க. இவங்க ஒட்டக சேணத்தையும் மண் ரொப்பின மூட்டையையும் சுவரா அடுக்கி உள்ள உக்காந்து மூணு நாள் தாக்குப் பிடிச்சாங்க. சுத்தி செத்த ஒட்டகம், வெயில்ல நாத்தம், தண்ணி தீர்ந்துட்டே வருது. ஆயுதம், ஒட்டகம், கூடவே ஆயிரக்கணக்குல தங்க பவுன் குடுத்தா விடறோம்னு பேரம் வேற. லெப்டினன்ட் ஷ்மிட்டும் ரெண்டு மாலுமிகளும் அங்க செத்தாங்க. கடைசியில மெக்காவை துருக்கிக்குக் கீழ ஆண்டுட்டு இருந்த ஷெரீஃபோட மகன் அப்துல்லா ஆளுங்களோட வந்துதான் கூட்டம் கலைஞ்சுது. இந்த அப்துல்லாதான் பின்னாடி ஜோர்டான் மன்னர் ஆனவர். ஆனா மூக்கேவுக்கு கடைசி வரைக்கும் ஒரு சந்தேகம், அடிக்க ஆள் விட்டதும் காப்பாத்த வந்ததும் ஒரே வீட்டு ஆளுங்கதானோன்னு. அடுத்த வருஷமே அந்தக் குடும்பம் துருக்கிக்கு எதிரா பிரிட்டிஷ் பக்கம் எழுந்ததைப் பாத்தா, மனுஷன் சந்தேகப்பட்டதுல தப்பே இல்லன்னு தோணுது.

அப்புறம் மறுபடி படகு, மறுபடி ஒட்டகம், மே மாசம் அல் உலாங்கற இடத்துல, துருக்கிக்காரங்க போட்ட ஹெஜாஸ் ரயிலைப் பிடிச்சாங்க. ஸ்டேஷன்ல ஒரு ஜெர்மன் பத்திரிகைக்காரர் காத்துட்டு இருந்து, மொதல்ல குளியலா, ரைன் வைனான்னு கேட்டிருக்கார். மூக்கே யோசிக்கவே இல்ல, வைன்னாராம். மே 23 இஸ்தான்புல்ல ஜெர்மன் அட்மிரல் முன்னாடி வரிசையா நின்னு, எம்டனோட கரையிறங்கின படை ஆஜர்னு ரிப்போர்ட் குடுத்தாங்க. ரெண்டு மணி நேரத்துல முடிச்சுட்டு வர்றோம்னு போனவங்க, ஆறரை மாசம் கழிச்சு.

இதே சமயத்துல எம்டன் ஆளுங்க இன்னொரு பக்கமும் இருந்தாங்க. பிடிபட்டவங்கள்ல லாட்டர்பாக்னு ஒரு ஆபீசர் சிங்கப்பூர் கேம்ப்ல கைதி. 1915 பிப்ரவரி 15 சிங்கப்பூர்ல இருந்த இந்திய சிப்பாய்ங்க பிரிட்டிஷாருக்கு எதிரா கலகம் பண்ணி கேம்ப் கதவைத் திறந்து விட்டாங்க. ஜெர்மன்காரங்கள்ல நிறைய பேர் எங்களுக்கு வேணாம்னு உள்ளயே இருந்துட்டாங்க, லாட்டர்பாக் நைசா தப்பிச்சுட்டாரு. நம்ம சிப்பாய்ங்கள்ல 47 பேரை பொது ஜனம் வேடிக்கை பாக்க சுவத்துல நிறுத்தி சுட்டாங்க. அது தனியா ஒரு பதில் எழுதற அளவுக்கு இருக்கு, இன்னொரு நாள் எழுதறேன்.

மூக்கே பின்னாடி என்ன ஆனார்னு யாராவது கேப்பீங்க. ஊருக்குப் போய் ஹீரோ ஆனாரு, இந்தக் கதையை அவரே எழுதினாரு. போர் முடிஞ்சதும் நாஜிக் கட்சியில சேர்ந்தாரு, இதை மறைச்சு எழுதறவங்க நிறைய, நான் மறைக்கல. 1929-ல வெளிய வந்து, போரே வேணாம்னு ஊர் ஊரா பேச ஆரம்பிச்சாரு. ஹிட்லர் ஆட்சியில அவரை ஜெயில்ல போட்டாங்க. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச அப்புறமும் ஜெர்மனிக்கு மறுபடி ராணுவம் எதுக்குன்னு எதிர்த்துக்கிட்டே இருந்து 1957-ல செத்தாரு.