ஆர்த்தோ வேண்டாம் என்கிறாள் மகள்: ஒரு வருடத்தை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் எம்.டி. (இங்கே அடிப்படை மருத்துவப் பட்டம்) கடைசி ஆண்டு. இத்தனை நாளும் ஆர்த்தோபீடிக்ஸ்தான் (எலும்பு மருத்துவம்) என்றிருந்தாள். ஆராய்ச்சி, வெளியூர் ரொட்டேஷன் (வேறு மருத்துவமனைகளில் பயிற்சி) எல்லாம் அதற்கே. இப்போது ஆகஸ்டில் வந்து ஜெனரல் சர்ஜரிதான் வேண்டும் என்கிறாள். செப்டம்பர் கடைசியில் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் சம்பளத்தோடு பெறும் சிறப்புப் பயிற்சி) விண்ணப்பம் போயாக வேண்டும். ஒரு வருடம் ரிசர்ச் இயர் (படிப்பை நீட்டித்து ஆராய்ச்சி) எடுத்து அடுத்த ஆண்டு தெம்பாக விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். அவள் பெயரில் ஏற்கெனவே 1,80,000 டாலர் கல்விக் கடன். என் 401(கே) ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து 40,000 டாலர் எடுத்து அந்த வருடத்தை ஓட்டலாமா? எனக்கு வயது 54.

பதில்: 401(கே)-யைத் தொடாதீர்கள். ரிசர்ச் இயரும் இப்போதைக்கு வேண்டாம். இந்த செப்டம்பரிலேயே மகள் ஜெனரல் சர்ஜரிக்கு விண்ணப்பிக்கட்டும்.

விண்ணப்பச் செலவை நினைத்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். அது சின்னத் தொகை. 2025 சீசனில் ஈராஸ் (ரெசிடென்சி விண்ணப்பங்களை அனுப்பும் இணையச் சேவை) கட்டணம், ஒரு துறையில் முதல் 30 இடங்களுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் தலா 30 டாலர். 60 இடங்களுக்குப் போட்டாலும் 1,230 டாலர்தான். 2020-க்குப் பிறகு நேர்காணல்கள் பெரும்பாலும் வீடியோவில் நடப்பதால் விமானம், ஹோட்டல் செலவும் குறைந்துவிட்டது. ஆர்த்தோ ரொட்டேஷனுக்குச் செலவழித்த பணம் போனது போனதுதான். அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பெரிய செலவு அந்த ஒரு வருடம். வாடகை, சாப்பாடு, கல்லூரி கேட்கும் கட்டணம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கடனுக்கு 8 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் அந்த ஆண்டு 14,400 டாலர் ஏறும். இது அவ்வளவாகக் கண்ணில் படாது. இவற்றையெல்லாம்விடப் பெரியது இன்னொன்று. ஜெனரல் சர்ஜரி ரெசிடென்சி ஐந்து வருடம். அதை ஒரு வருடம் தாமதமாகத் தொடங்கினால் கைவிட்டுப் போவது ரெசிடென்டின் சம்பளம் என்று நினைக்கிறோம். இல்லை. வேலைக்காலம் மொத்தத்தில் ஒரு வருடம் குறைகிறது, குறைவது பயிற்சி முடித்த சர்ஜனின் ஒரு வருடச் சம்பளம். ரெசிடென்ட் சம்பளத்தைவிட அது பல மடங்கு.

‘மேட்ச் ஆகாவிட்டாலும் அந்த வருடம் போகத்தானே செய்யும்?’ என்று கேட்பீர்கள். (விண்ணப்பிப்பவர்களும் மருத்துவமனைகளும் தரும் விருப்பப் பட்டியல்களை ஒப்பிட்டு இடம் ஒதுக்குவதுதான் மேட்ச்.) போகலாம், போகாமலும் இருக்கலாம். ரிசர்ச் இயர் எடுத்தால் நிச்சயமாகப் போகும். போட்டி கடுமையான ஆர்த்தோவில் அப்படி ஒரு வருடம் எடுப்பது வழக்கம். ஜெனரல் சர்ஜரியில் இடங்கள் அதிகம், உங்கள் மகளும் வெறுங்கையோடு வரவில்லை. அவளிடம் இல்லாதது ஜெனரல் சர்ஜன்களின் சிபாரிசுக் கடிதம்தான். சொந்தக் கல்லூரி மருத்துவமனையிலேயே ஜெனரல் சர்ஜரியில் நான்கு வார சப்-இன்டர்ன்ஷிப் (ரெசிடென்ட் மாதிரி வேலை பார்க்கும் மாணவப் பயிற்சி) கேட்கட்டும்; வாடகை மிச்சம். விண்ணப்பம் அனுப்பிய பிறகும் ஈராஸில் கடிதத்தைச் சேர்க்கலாம்.

சரி, எதற்கும் ஆர்த்தோவும் போட்டு வைக்கட்டுமே என்றால்? கட்டணம் துறைவாரியாக ஓடுவதால், இரண்டிலும் 30 இடங்கள் வீதம் போட்டால் 660 டாலர்தான். மலிவுதான். ஆர்த்தோவில் வருமானம் கூடுதல் என்பதும் உண்மை. ஆனால் மேட்ச் முடிவு ஒப்பந்தம் மாதிரி. பட்டியலில் எழுதிய இடம் கிடைத்தால் போயே ஆக வேண்டும். போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து மாறினால் அந்த வருடங்கள் வீண். ஒவ்வொரு ரெசிடென்டுக்கும் மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) மருத்துவமனைக்குத் தரும் பயிற்சி நிதிக்கும் ஒரு கால வரம்பு உண்டு. முதலில் சேர்ந்த துறையை வைத்து அது முடிவாகிறது. வரம்பு தாண்டினால் அந்த நிதியின் ஒரு பகுதி பாதியாகிவிடும். நடுவில் துறை மாறி வருபவர்களை எடுக்கச் சில இடங்கள் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அவள் மனம் மாற வேண்டுமென்றால் ஆகஸ்ட்தான் மலிவான மாதம். பட்டியலில் எதை எழுதுவது என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள்.

மார்ச்சில் மேட்ச் ஆகாமல் போனால் அதே வாரம் சோப் சுற்று (மிச்சமிருக்கும் இடங்களை நிரப்பும் சுற்று) உண்டு. அதில் ஒரு வருட பிரிலிமினரி சர்ஜரி இடங்களும் வரும். இரண்டாம் வருடத்துக்கு உத்தரவாதம் இல்லை, உடம்பும் படாதபாடு படும். ஆனால் சம்பளம் வரும்.

எப்போதாவது ஒரு வருடம் நீட்டிக்கத்தான் வேண்டுமென்றால், கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்: அந்த வருடத்தில் அவள் மாணவியாகப் பதிவாவாளா, அல்லது விடுப்பா? விடுப்பு 180 நாளைத் தாண்டினால் கடனின் ஆறு மாத சலுகைக் காலம் ஓடத் தொடங்கிவிடும். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் (மேற்படிப்புக்கான அரசுக் கல்விக் கடன்) கிடையாது. பழையவர்களுக்கு இருக்கும் விலக்குக்கும் காலவரம்பு உண்டு. நீட்டித்த வருடம் அதற்குள் வருமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்போது உங்கள் 40,000. உங்கள் வயதில் நேரடியாக எடுத்தால் வருமான வரியோடு 10 சதவீத அபராதமும் பிடிப்பார்கள். கடனாக எடுக்கலாம்தான், ஆனால் வேலை போனால் அந்த ஆண்டின் வரித் தாக்கல் கெடுவுக்குள் பாக்கியைக் கட்ட வேண்டும், இல்லையென்றால் அதையும் எடுத்த பணமாகவே கணக்கிடுவார்கள். மகளுக்கு உதவ ஆசை என்றால் ஈராஸ் கட்டணத்தைக் கட்டுங்கள், போதும்.

அப்புறம் ஒன்று. வருமானம் இல்லாவிட்டாலும் கடைசி ஆண்டில் மகள் வரித் தாக்கல் செய்யட்டும். ஐபிஆர் (வருமானத்துக்கு ஏற்பக் கல்விக் கடனைத் திருப்பிக் கட்டும்) திட்டத்தில் தவணையை அந்தத் தாக்கலை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்; முதல் வருடத் தவணை பூஜ்யமாகக்கூட வரலாம். லாப நோக்கற்ற மருத்துவமனையில் ரெசிடென்ட் என்றால், கடன் தள்ளுபடிக்கான 120 தவணைகளில் அந்தப் பூஜ்யத் தவணைகளும் சேரும்.