புரட்சிகளை ஆராய ஜெர்மனியில் நல்கை கேட்பது எப்படி?

தம்பிக்கு வணக்கம். முனைவர் பட்டம் முடித்து ஜெர்மனிக்கு வந்து சில மாதம் ஆகிறது, ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிகிறது, ‘சமூகப் புரட்சிகள் ஏன் நடக்கின்றன’ என்ற தலைப்பில் யாரிடம் ஆய்வு நிதி கேட்பது என்று எழுதியிருந்தீர்கள். பேராசிரியர் வரைவைப் பார்த்துவிட்டு ‘ரொம்பப் பெரிது’ என்று மட்டும் சொன்னாராம். இங்கே பல வருடமாக நல்கைப் பணத்தில்தான் என் வேலையும் ஓடுகிறது. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி நல்கைக்கு ஒரு இடப்பெயர்வு விதி உண்டு. எந்த நாட்டில் வேலை செய்யப் போகிறீர்களோ அந்த நாட்டில், விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. அழைப்பு வருடத்துக்கு ஒரு தடவைதான், வழக்கமாக செப்டம்பரில் மூடுவார்கள். வரும் செப்டம்பரை விட்டுவிட்டால் ஜெர்மனிக்கு அந்த வழி உங்களுக்கு அடைபட்டுவிடும். வேறொரு ஐரோப்பிய நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போவதாக இருந்தால் மட்டும் பிறகும் கேட்கலாம்.

ஜெர்மன் ஆய்வு நிதியமான டிஎஃப்ஜியில் தனிநபர் ஆய்வுத் திட்டத்துக்குக் கடைசித் தேதியே கிடையாது. முனைவர் பட்டமும் இங்கே ஒரு வேலையும் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் போடலாம், ஆங்கிலத்திலேயே எழுதலாம். அதில் உங்கள் சொந்தச் சம்பளத்தையும் கேட்க முடியும் என்பது புதிதாக வருகிற பலருக்குத் தெரிவதில்லை. அதற்கு, நிதி கிடைத்தால் உங்களை வேலைக்கு வைத்துக்கொள்கிறோம் என்று ஒரு பல்கலைக்கழகம் எழுதித் தர வேண்டும். அந்தப் பேராசிரியரிடம் இப்போதே பேச்சை எடுங்கள். முடிவு வர அரை வருடம் ஆகும், கூடவும் ஆகலாம். ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது விண்ணப்பம் போட்டால் இடையில் சம்பளமில்லாமல் நிற்க வேண்டி வரும். விசாவும் வேலையோடு கட்டுண்டு கிடப்பதால், இந்தக் கணக்கில் தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். உங்கள் வரைவில் இருப்பது ஒரு தலைப்பு, கேள்வியாக இன்னும் ஆகவில்லை. மூன்று வருடத்தில் ஒரு ஆள் எந்தக் காகிதங்களைப் படித்து எதைக் கண்டுபிடிப்பார் என்பது மதிப்பீட்டாளரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ‘புரட்சிகள் ஏன் நடக்கின்றன’ என்பதைப் படிப்பவருக்கு அப்படி எதுவும் தெரியாது.

இந்தத் துறையின் பெரியவர்களே இதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். வறுமையும் கோபமும் எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் இருந்தவை, புரட்சியோ அபூர்வம். ஆகவே துன்பம்தான் காரணம் என்று சொல்லி நிறுத்திவிட முடியாது. அமெரிக்க சமூகவியலாளர் தீடா ஸ்கோச்போல் 1979இல் பிரான்ஸ், ரஷ்யா, சீனா மூன்றையும் ஒப்பிட்டபோது, அப்படி ஒரு புரட்சி நடக்காத பிரஷ்யாவையும் ஜப்பானையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெளிநாட்டு நெருக்கடியில் அரசு உள்ளுக்குள் நொறுங்குவதும், அதே நேரத்தில் கிராமங்கள் எழுவதும் சேர்ந்தால்தான் சமூகப் புரட்சி என்ற அவருடைய வாதம் அந்த ஒப்பீட்டிலிருந்துதான் வந்தது. அதே 1979இல் ஈரானில், போரில் தோற்காத ஒரு ராணுவம் இருக்கும்போதே, நகரத்துக் கூட்டங்கள் மன்னராட்சியைக் கவிழ்த்தன. ஸ்கோச்போலும் பிறகு தன் கருத்தைத் திருத்தி எழுதினார். ஒரு கோட்பாடு எங்கே உடைகிறதோ, அங்கேதான் புது ஆய்வுக்கு இடம் இருக்கிறது.

நீங்கள் இருக்கும் நாட்டிலேயே அப்படி ஒரு இடம் கிடக்கிறது. 1953 ஜூன் 17இல் கிழக்கு ஜெர்மனியில் தொழிலாளர் எழுச்சி பரவியபோது சோவியத் டாங்கிகள் வந்து நசுக்கின. 1989இல் மக்கள் மறுபடி எழுந்தபோது, அங்கே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் படையினர் இருந்தும் பாசறையை விட்டு வரவில்லை. இது எல்லோரும் எழுதியதுதான். ஆனால் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் ஒருவரை மட்டும் வைத்து 1989 அக்டோபரை விளக்க முடியாது. அக்டோபர் 4 இரவு டிரெஸ்டன் ரயில் நிலையத்தில், பிராகிலிருந்து கிழக்கு ஜெர்மன் அகதிகளை மேற்கு ஜெர்மனிக்கு ஏற்றிச் சென்ற ரயில்களில் ஏறிவிடத் துடித்த கூட்டத்தின் மேல் தடியடி, நீர்ப்பீரங்கி. ஐந்தே நாள் கழித்து, அக்டோபர் 9 மாலை, லைப்சிக் நகரில் சுமார் 70,000 பேர் ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் போகிறார்கள், அதே அரசின் காவல் படை ஒதுங்கி வழிவிடுகிறது.

அந்த மாலையைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். லைப்சிக் மாவட்ட ஆளுங்கட்சியின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹெல்முட் ஹாக்கன்பெர்க், என்ன செய்வது என்று பெர்லினிலிருந்த கட்சி மேலிடத் தலைவர் எகோன் கிரென்ஸைத் தொலைபேசியில் கேட்கிறார். திரும்பக் கூப்பிடுகிறேன் என்கிறார் கிரென்ஸ். அழைப்பு வருவதற்குள் கூட்டம் பெருத்துவிட்டது, ஹாக்கன்பெர்க்கே படையைப் பின்வாங்கச் சொல்லிவிட்டார். கிரென்ஸ் சம்மதம் சொல்லும்போது ஊர்வலம் ஏற்கனவே கடந்து போயிருந்தது. இதற்கு முன், இசை நடத்துநர் குர்ட் மசூரும் வேறு ஐவரும் விடுத்த அமைதி வேண்டுகோள் நகர ஒலிபெருக்கிகளில் ஒலித்திருந்தது.

அரசும் காவல் படையும் ஒன்று, வாரமும் ஏறக்குறைய ஒன்று. விளைவு மட்டும் ஏன் வேறாயிற்று? கூட்டத்தின் அளவா? டிரெஸ்டனில் நாட்டை விட்டுப் போக வந்தவர்கள், லைப்சிக்கில் ‘நாங்களே மக்கள்’ என்று முழங்கியவர்கள், அந்த வேறுபாடா? கட்சியின் கீழ்மட்டத்துக்கு மேலிடத்தின் மேல் நம்பிக்கை போனதா? பொருளியலாளர் தைமூர் குரான் சொன்னது போல, வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக வாழ்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் தெருவில் கண்ட கணமா? இந்த விளக்கங்களில் எது சரி என்றால் எந்த ஆவணத்தில் என்ன இருக்க வேண்டும், எது இருந்தால் அது தவறு என்று எழுத முடிகிறதல்லவா? நிதி அதற்குத்தான் தருவார்கள்.

1989 சமூகப் புரட்சியே அல்ல, ஆட்சி மாற்றம்தான் என்று ஒரு மதிப்பீட்டாளர் நிச்சயம் கேட்பார். அதற்கான பதிலை முதல் இரண்டு பக்கத்துக்குள் வைத்துவிடுங்கள். உங்களுக்கு எகிப்தோ எத்தியோப்பியாவோதான் பிடிக்கிறது என்றால் அதையே எடுங்கள், நடந்த ஒன்றும் நடக்காத ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும்.

வேலைத்திட்டத்தில் ‘ஆவணக் காப்பகங்களைப் பார்ப்பேன்’ என்று எழுதாதீர்கள். கிழக்கு ஜெர்மனியின் ரகசியக் காவல் துறையான ஸ்டாசியின் ஆவணங்கள் 2021 ஜூன் முதல் கூட்டாட்சிக் காப்பகத்தின் கீழ் இருக்கின்றன. ஆய்வாளராக மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர்களின் பெயர்களை மறைத்துத்தான் தருவார்கள். லைப்சிக் மாவட்டக் கட்சிக் கோப்புகள் சாக்சனி மாநிலக் காப்பகத்தில் இருக்கின்றன. எந்தக் கோப்புத் தொகுதி, எந்த மாதம், எத்தனை வாரம் என்று எழுதினால் படிப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

நிராகரித்தால் மதிப்பீட்டாளர்களின் கருத்துகளைப் பெயர் நீக்கி அனுப்புவார்கள். இரண்டு நாள் கழித்து நிதானமாகப் படியுங்கள், திருத்தி மறுபடி போட வழி உண்டு.

காப்பக மனுவை இந்த மாதமே போட்டுவிடுங்கள். அப்புறம், முழு வரைவு வேண்டாம், முதல் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள். கேள்வி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.