எக்ஸாஸ்ட் பிரேக்கும் இன்ஜின் பிரேக்கும் ஒன்றா? மன்னார்குடி நெல் லாரிக்கு எது போதும்?

ஒன்றல்ல. எக்ஸாஸ்ட் பிரேக் என்பது டர்போவுக்கு (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் பாகம்) பின்னால் புகைக்குழாயை அடைக்கும் ஒரு தட்டு வால்வு. புகை வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறும்; அதை எதிர்த்துத் தள்ளுவதில் பிஸ்டன் வேகம் இழக்கும். ஜேக் வகை இன்ஜின் பிரேக்கோ, பிஸ்டன் காற்றை அமுக்கி உச்சிக்கு வரும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்துவிடும். அமுக்கிய காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளாது; அமுக்கிய உழைப்பு வீணாகி வண்டியின் வேகம் குறையும். பிடிப்பும் அதிகம், சத்தமும் அதிகம்.

டெல்டாவில் இறக்கம் ஏது? பாலம் இறங்குவதுதான். அதற்கு எக்ஸாஸ்ட் பிரேக்கே தாராளம். ஆனால் லோடோடு தொப்பூர் கணவாய் இறங்கும் வண்டி என்றால், இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறையுங்கள். ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) விழுந்தால் இரண்டுமே வலுவிழக்கும்; கிளட்சை மிதித்தாலோ நியூட்ரலில் விட்டாலோ சுத்தமாக வேலை செய்யாது.

சமவெளியிலேயே ஓடும் வண்டியில் இன்னொரு தொல்லை: பயன்படுத்தாத தட்டு கரியும் துருவும் பிடித்து இறுகிவிடும். பாதி மூடி நின்றால் பிக்கப் போகும், கரும்புகை கக்கும். பலர் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிக் காசைக் கரைப்பது இங்கேதான். ஒருவர் எக்ஸாஸ்ட் பிரேக் ஸ்விட்சைப் போட, மற்றவர் தட்டை அசைக்கும் ஏர் சிலிண்டரின் தண்டு முழுதாக நீண்டு திரும்புகிறதா என்று பார்க்கட்டும்.

ஐப்பசி மழையில் காலி வண்டியா? ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். இந்த பிரேக்கின் பிடிப்பு முழுக்கப் பின்சக்கரத்தில்தான், வழுக்கும்.