அமெரிக்காவிலிருந்து தென்காசிக்கு: திரும்பும் முன் பேசித் தீர்க்க வேண்டியவை

பல ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்தபின், சென்னைக்கோ கோவைக்கோ போகாமல் பிறந்த சிற்றூரிலேயே குடியேறுவது ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியூ ஜெர்சியில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு, மனைவி, பிள்ளைகளுடன் தென்காசிக்குத் திரும்பியவன் என்ற முறையில், ஒத்துவரும் என்றே சொல்வேன். ஆனால் அது சேமிப்பைக் காட்டிலும், நாம் இல்லாத காலத்தில் ஊரிலேயே இருந்து பெற்றோரைப் பார்த்துக்கொண்ட உடன்பிறப்போடு நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்தது.

எங்கள் வீட்டில் அண்ணனும் மதினியும்தான் அப்பா அம்மாவுடன் இருந்தார்கள். அப்பாவுக்கு இரவில் மூச்சுத் திணறினால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வண்டியோட்டித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனவர் அண்ணன். அம்மாவின் சர்க்கரை மாத்திரை முதல் உறவினர் வீட்டு நல்லது கெட்டதுவரை கவனித்தவர் மதினி. இப்படி ஒரு குடும்பத்தைத் தாங்கியவர்கள் முன்னால், வெளிநாட்டிலிருந்து வந்தவர் வந்த வாரத்திலேயே மருத்துவரை மாற்றலாம், வீட்டை இடித்துக் கட்டலாம் என்று பேசத் தொடங்கினால், அது அவர்கள் உழைப்பின் மீது சொல்லப்படும் தீர்ப்பாகவே காதில் விழும். எனக்குத் தெரிந்த சில குடும்பங்களில் மனக்கசப்பு இந்த இடத்தில்தான் முளைத்தது.

ஆகவே பயணச்சீட்டு எடுக்கும் முன்பே அண்ணனிடம் எல்லாவற்றையும் மனம்விட்டுப் பேசினேன். முதல் ஆண்டு அடுத்த தெருவில் வாடகைக்கு இருக்கலாம் என்ற யோசனையைச் சொன்னவர் மதினி. இரண்டு அடுப்பங்கரைகள் இருந்ததால்தான் உறவு கெடாமல் இருந்தது என்று இன்றும் நம்புகிறேன். மருத்துவமனைப் பயணங்களை நான் எடுத்துக்கொண்டேன். வயலிலும் குத்தகையிலும் அண்ணன் சொல்வதே முடிவு. பூர்வீகச் சொத்தின் பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை அப்பா இருக்கும்போதே, அவர் முன்னிலையில் எல்லோரும் சேர்ந்து பார்த்துவிட்டோம். பெற்றவர்கள் கண்ணெதிரே பேச முடிகிற இந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.

அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் அந்நாட்டுக் குடிமக்கள் என்பதால், அவர்களுக்கு ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமையுள்ள இந்திய வம்சாவளியினர் இங்கே தங்க உதவும் அட்டை, எடுக்க வேண்டியிருக்கும். அதில் ஒரு செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. 2021 மார்ச்சில் வெளியான மத்திய அரசின் அறிவிக்கையின்படி, நீட், ஜேஇஇ போன்ற நுழைவுத் தேர்வுகளில் ஓசிஐ அட்டைதாரர்கள் வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடங்களுக்கோ, வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் உருவாக்கப்படும் கூடுதல் இடங்களுக்கோ மட்டுமே போட்டியிட முடியும். இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமென ஒதுக்கிய இடங்கள் அவர்களுக்குக் கிடையாது. அதற்கு முன்பே அட்டை பெற்றவர்களை இது பாதிக்காது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் கூறியது. பள்ளியில் சேர்க்கும்போதே கல்லூரிச் செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டியது இதனால்தான். தமிழைப் பொறுத்தவரை, 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் அதைக் கட்டாயப் பாடமாக்கியிருக்கிறது. என் பிள்ளைகள் பேசக் கற்றது ஆச்சியிடம், எழுதத் தடுமாறியது பள்ளியில். சிறு வயதிலேயே அழைத்து வந்தால் அந்தத் தடுமாற்றம் சீக்கிரம் தீரும்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் வெளிநாடுவாழ்பவராகவோ, முந்தைய ஏழு ஆண்டுகளில் மொத்தம் 729 நாட்களுக்கு மேல் இந்தியாவில் தங்காதவராகவோ இருந்தால், திரும்பிய முதல் ஓரிரு நிதியாண்டுகளில் பொதுவாக உங்கள் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கை மட்டும், நிலையாகத் திரும்பியதும் வங்கிக்குத் தெரிவித்து மாற்றிவிட வேண்டும். மருத்துவக் காப்பீட்டையும் வந்தவுடன் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகள்வரை நீளலாம்.

மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் இயங்குவதால், தென்காசி வட்டாரத்தில் மென்பொருள் வேலை என்பது புதுமையான ஒன்றல்ல. இருந்தாலும் கையில் ஒரு வேலையை உறுதிசெய்துகொண்டு வருவதே நல்லது.

இன்னொன்று. அமெரிக்கப் பள்ளி விடுமுறை ஆனி, ஆடியில் வருவதால், பலர் குற்றாலச் சாரலில் நனைந்த மகிழ்ச்சியில் ஊர் திரும்ப முடிவெடுக்கிறார்கள். சித்திரை வெயிலில், உறவினர் உபசரிப்பு ஓய்ந்தபின், ஒரு மாதமாவது இங்கே தங்கிப் பார்க்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் அமெரிக்காவில் இருக்கும்போதே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பித்தால், அந்நாட்டுக்கு வெளியே தங்கிப் பார்க்கப் பொதுவாக இரண்டு ஆண்டுகள்வரை அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசத்தில் பிள்ளைகளின் கருத்தையும், ஊரில் இருக்கும் உடன்பிறப்பின் கருத்தையும் கேட்டு இறுதி முடிவெடுங்கள்.