மதுரையில் ஒருநாள்தான் இருக்கிறது, மீனாட்சி கோயில் தவிர என்ன பார்க்கலாம்?

வெயில் ஏறுமுன் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய்விடுங்கள். 1636-இல் கட்டியது, இன்று நிற்பது அதில் கால்வாசிதான் என்பார்கள். மிச்சத்தை அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார். அந்தத் தூண்களைக் கட்டிப்பிடிக்க இரண்டு பேராவது வேண்டும், காதல் ஜோடிகள் கிறுக்கிய பெயர்களைக் கண்டுகொள்ளாதீர்கள்.

அப்புறம் காந்தி மியூசியம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை அது. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது, அதன்முன் பேச்சே வராது. அவர் 1921 செப்டம்பரில் சட்டையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறியதும் இதே ஊரில், மேலமாசி வீதியில் ஒரு மாடிவீட்டில்தான், இப்போது அங்கே கதர்க்கடை.

சாயங்காலம் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று அடுக்கடுக்காக விரியும் வீதிகளில் சும்மா நடங்கள், விளக்குத்தூண் பக்கம் வந்தால் ஒரு ஜிகர்தண்டா.