பட்ஜெட் பிராசஸர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: முதன்முறையாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். படிப்பு, வீட்டுக் கணக்கு, படம் பார்ப்பது, கூடவே கொஞ்சம் கேம். இன்டெலின் ஐ3-12100எஃப் வாங்கலாமா, ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி வாங்கலாமா? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறீர்களா இல்லையா? உங்கள் கேள்வியில் இல்லாதது அதுதான், முடிவு செய்யப் போவதும் அதுதான். 12100எஃப் என்பதில் கடைசியில் இருக்கிற ‘எஃப்’, உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது என்பதற்கான அடையாளம். கார்டு இல்லாமல் அதை மாட்டினால் கம்ப்யூட்டர் ஓடும், மானிட்டரில் ஒன்றும் தெரியாது. 5600ஜி-யில் 6 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலைகள்), அதோடு வேகா கிராஃபிக்ஸும் உள்ளேயே இருக்கிறது. வாலரண்ட், டோட்டா 2, மைன்கிராஃப்ட் மாதிரியான கேம்களை செட்டிங்கைக் குறைத்து வைத்துத் தாராளமாக ஆடலாம். புதிதாக வரும் பெரிய கேம்களை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கார்டு இப்போதைக்கு இல்லை என்றால் 5600ஜி-யே வாங்குங்கள், ஆனால் ரேமை ஒரே 16 ஜிபியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்கி, மதர்போர்டு கையேட்டில் சொல்லியிருக்கும் இரண்டு ஸ்லாட்டில் போடுங்கள். உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒற்றை ரேம் போட்டால் டேட்டா போகும் பாதை பாதியாகிவிடும், கேமில் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். காசு கொடுத்து நல்ல பிராசஸர் வாங்கிவிட்டு ஒரு ரேமோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். வருத்தமாக இருக்கிறது.

கார்டும் சேர்த்தே வாங்குகிறீர்கள் என்றால் 5600ஜி வேண்டாம். அதன் எல்3 கேச் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரி) 16 எம்பிதான், கார்டோடு பேசும் பாதையும் பழைய பிசிஐஇ 3.0. அந்த நிலையில் 12100எஃப் நல்ல தேர்வு, முடிந்தால் அடுத்த பதிலில் சொல்லியிருக்கும் இரண்டில் ஒன்று.

கேள்வி: 4 கோர் பிராசஸர் இன்றைய கேம்களுக்குப் போதுமா? ரைசன் 5 5600, ஐ5-12400எஃப் இரண்டில் எது மேல்?

பதில்: கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேகம் என்பதும் முக்கியம். 2022-ல் வந்த ஐ3-12100-க்கும் 4 கோர், 8 த்ரெட்தான், 2017-ல் வந்த ஐ7-7700-க்கும் அதேதான், ஆனால் கேமில் அந்த ஐ3 முன்னால் போகிறது. ஆகவே 4 கோர் என்றதும் ஒதுக்கிவிட வேண்டாம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) நன்றாக இருக்கும், கூட்டமான ஒரு காட்சியில், அல்லது பின்னால் டிஸ்கார்டும் பிரவுசரும் ஓடிக்கொண்டிருக்கும்போது, சட்டென்று ஒரு நொடி திணறும். ஆடுகிறவருக்குச் சராசரி தெரியாது, அந்தத் திணறல்தான் தெரியும். அதனால் ஒப்பீடு பார்க்கும்போது ‘1% லோ’ என்று போட்டிருக்கும் எண்ணை, அதாவது மிக மெதுவாக ஓடிய 1% ஃபிரேம்களின் வேகத்தைப் பாருங்கள். சில வருடம் வைத்து ஓட்டப்போகிறீர்கள், கேம் ஆடிக்கொண்டே ஸ்ட்ரீமும் செய்வீர்கள் என்றால் 6 கோருக்கே போங்கள்.

5600-க்கும் 12400எஃப்-க்கும் கேமில் வித்தியாசம் மிகச் சிறிது, ஒரு கேமில் இது முந்தும், இன்னொன்றில் அது முந்தும். இரண்டுக்கும் 6 கோர், 12 த்ரெட். அதனால் பிராசஸர் விலையை மட்டும் ஒப்பிடாமல் பிராசஸர், மதர்போர்டு, ரேம் மூன்றையும் கூட்டிப் பார்த்து எது குறைவோ அதை வாங்குங்கள். மிச்சமாகும் பணம் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும், கேமுக்கு அங்கேதான் அதிகப் பலன்.

ஒன்றில் மட்டும் கவனம். 5600 என்று நினைத்து 5500-ஐ வாங்கிவிடாதீர்கள். பெயரில் நூறுதான் குறைவு, ஆனால் கேச் 32 எம்பியிலிருந்து 16 எம்பியாகிறது, பிசிஐஇ 4.0-உம் 3.0 ஆகிறது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி 4 லேன் (டேட்டா போகும் தடம்) மட்டுமே உள்ள கார்டை அதோடு போட்டால் கார்டின் வேகமும் சேர்ந்து அடிபடும்.

பிற்காலத்தில் மாற்ற நினைத்தால்? 5600 உட்காரும் ஏஎம்4 (பிராசஸர் பொருந்தும் சாக்கெட்டின் பெயர்) போர்டில் பின்னாளில் 5800எக்ஸ்3டி வரை போகலாம், அதில் 96 எம்பி கேச், கேமுக்கு அருமையான சிப். 12400எஃப் போர்டில் இன்டெலின் 14-ஆம் தலைமுறை வரை போகலாம், அந்த சாக்கெட் அதோடு முடிந்தது. இன்னும் நீண்ட காலம் ஓட வேண்டும், பட்ஜெட்டும் கொஞ்சம் இழுபடும் என்பவர்கள் ஏஎம்5 போர்டும் ரைசன் 5 7600-உம் பார்க்கலாம், டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் கட்டாயம் என்பதால் மொத்தச் செலவு ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: பழைய ஐ7 கம்ப்யூட்டர் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது, ஐ7-4770. புது ஐ3-யை விட ஐ7 தானே பெரியது?

பதில்: இல்லை. ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடத்தான். அந்த 4770 வந்தது 2013-ல், டிடிஆர்3 ரேம் காலத்து ஆள். விண்டோஸ் 11 அதை அதிகாரபூர்வமாக ஏற்காது, இன்டெலில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. சும்மா கிடைத்தால் லினக்ஸ் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், காசு கொடுக்காதீர்கள்.

லேப்டாப் வாங்குகிறவர்களும் இதைப் படியுங்கள். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு, இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதலாவது பழைய ஜென் 2 கட்டமைப்பு, 4 கோர். இரண்டாவது ஜென் 3, 6 கோர். ரைசன் 7000 வரிசை லேப்டாப் சிப்களில் மூன்றாவது இலக்கம்தான் எந்தக் கட்டமைப்பு என்று சொல்லும். விளம்பரத்தில் ‘ரைசன் 5’ மட்டும் பெரிதாக இருந்தால் முழு எண்ணையும் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

கேள்வி: பிரவுசர், எக்செல், வீடியோ கால் மட்டும்தான். இருந்தும் கம்ப்யூட்டர் ஆமை வேகம். எந்த பிராசஸருக்கு மாறலாம்?

பதில்: ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்று முதலில் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி போடுங்கள், ரேம் 4 ஜிபி என்றால் 8 அல்லது 16 ஆக்குங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

கேள்வி: ரைசன் 5 2600, பி450 போர்டு, நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் இருக்கிறது. கேம் திணறுகிறது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், முதலில் சோதித்துப் பாருங்கள். கேம் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று கவனியுங்கள். 95-க்கு மேல் இருந்தால் எல்லை கார்டுதான், பிராசஸரை மாற்றிப் பயனில்லை. 60, 70-இலேயே நின்றால், எஃப்பிஎஸ் வரம்பும் விசிங்க்கும் (மானிட்டரின் வேகத்தோடு எஃப்பிஎஸ்ஸைப் பொருத்தி வைக்கும் செட்டிங்) அணைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் பிராசஸர்தான் இழுத்துப் பிடிக்கிறது. பிராசஸரின் மொத்தப் பயன்பாடு 50 சதவீதம் என்று காட்டினால் ஏமாற வேண்டாம், ஒரு கோர் மட்டும் முட்டிக்கொண்டு நிற்க, மற்றவை சும்மா இருக்கலாம்.

பிராசஸர்தான் காரணம் என்றால் 5600 உங்கள் போர்டிலேயே உட்காரும், ரேமும் அதேதான். ஆனால் 2600 உள்ளே இருக்கும்போதே பயாஸை (கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும், மதர்போர்டில் இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்துவிடுங்கள், அதற்கு முன்பு, உங்கள் போர்டு மாடலின் ஆதரவுப் பட்டியலில் 5600-க்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பயாஸோடு புது பிராசஸரை மாட்டினால் கம்ப்யூட்டர் பூட் ஆகாது, திரும்ப 2600-ஐயே தேடிப்பிடித்து மாட்ட வேண்டிவரும்.