பாட்டு வேண்டும், பிள்ளை பெயர் வேண்டாமா?

கேள்வி: எனக்கு வயது 61. கோத்தகிரி பக்கத்துக் கிராமம். கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. கணவர் ஓய்வு பெற்றவர். மகள் கல்யாணமாகிக் கோவையில் இருக்கிறாள். மகனுக்கு 33, இசை படித்தவன். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்குப் பாடும் பாட்டு, அவன் கல்லூரியில் படித்தபோது எழுதி மெட்டுப் போட்டது. சுற்று வட்டாரச் சபைகளிலும் அதைப் பாடுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன், பெங்களூரில் ஓர் ஆணோடு சேர்ந்து வாழ்வதாக எங்களிடம் சொன்னான். அடுத்த மாதம் நண்பர்களை அழைத்து மோதிரம் மாற்றிக்கொள்ளப் போகிறார்களாம், எங்களையும் கூப்பிடுகிறான். விஷயம் சபையில் பரவி, அவன் பாட்டையே எடுத்துவிட வேண்டும் என்று கமிட்டியில் சிலர் நின்றார்கள். 'பாட்டு இருக்கட்டும், பெயர் வேண்டாம்' என்று ஆயர் சமாதானம் செய்துவைத்தார். புதிய பாட்டுப் புத்தகத்துக்கு புரூஃப் பார்த்தவள் நான், அந்த இடத்தில் 'மரபுப் பாடல்' என்று போட்டுக் கொடுத்தேன். 300 பிரதிகள் வந்துவிட்டன. பாவத்தில் இருப்பவன் செய்த பாட்டால் ஆராதிக்கலாமா? படைப்பையும் படைத்தவனையும் பிரித்துப் பார்க்கலாம் என்கிறார்களே, அது சரியா? அந்த விருந்துக்குப் போனால் வேதத்துக்கு விரோதமா? ஜெபக்கூடம் ஒன்றில் இதையெல்லாம் சரிசெய்வார்கள் என்று என் அக்கா வேறு சொல்கிறாள்.
— பெயர் வேண்டாம், நீலகிரி

பதில்: அம்மா, ஆயர் சொன்னது 'பெயர் வேண்டாம்' என்பதை மட்டும்தான். அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கலாம். 'மரபுப் பாடல்' என்ற இரண்டு சொல்லை உங்களிடம் யாரும் கேட்கவில்லை. நீங்களாகவே எழுதிக் கொடுத்தீர்கள். இதை ஆக்கியவர் யாரென்று யாருக்கும் தெரியாது என்று 300 புத்தகங்களில் அச்சடித்துச் சொல்லியிருக்கிறீர்கள். சொன்னது அவனைப் பெற்ற தாய்.

உங்கள் மகனுடைய பாவத்தை வேதத்தில் தேடிக் கண்டுபிடித்தவர்களில் ஒருவருக்குக்கூட ஒன்பதாம் கட்டளை நினைவுக்கு வரவில்லையா? பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்பதற்கு அங்கே விதிவிலக்கு எதுவும் கிடையாது. கடிதம் முழுக்க அவன் செய்தது பாவமா என்று கேட்கிறீர்கள். உங்கள் கையால் செய்ததை மட்டும் புரூஃப் வேலையைச் சொல்வதுபோல ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். எனக்குக் கோபம் வருவது அந்த வரியில்தான்.

வெறுமையாக விட்டிருந்தால், யாராவது ஒருநாள் 'இது யார் எழுதியது?' என்று கேட்டிருப்பார்கள். 'மரபு' என்று போட்ட இடத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்துச் சபைகள் உங்கள் புத்தகத்தைப் பார்த்துத் தங்கள் புத்தகத்தில் ஏற்றும். பொதுச் சொத்து என்று நம்பி ஒருவர் யூடியூபில் பதிவேற்றுவார், இன்னொருவர் 'இசை' என்று தன் பெயரையே போட்டுக்கொள்வார். இருபது வருடம் கழித்து உங்கள் மகன் 'இது என்னுடையது' என்றால், அவனுக்கு எதிராகக் காட்டப்படும் முதல் சாட்சி அவன் அம்மா திருத்திய புத்தகமாக இருக்கும்.

படைப்பையும் படைத்தவனையும் பிரிப்பது பற்றிக் கேட்டீர்கள். கரவாஜியோ 1606இல் ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டு ஓடிய ஓவியர். அவர் வரைந்த மத்தேயுவின் படங்கள் அதே ரோமில், சான் லூயிஜி தேவாலயத்தில் இன்றும் இருக்கின்றன, அவர் பெயரோடு. கொலை செய்ததும் தெரியும், வரைந்தது யாரென்றும் தெரியும். இரண்டையும் தெரிந்துகொண்டு ஒருவர் அந்தப் படத்தின் முன் நின்றால்தான் அதைப் பிரித்துப் பார்ப்பது என்று சொல்லலாம். பெயரை அழித்துவிட்டால் பிரிப்பதற்கு என்ன மிச்சம்? உங்கள் கமிட்டி பாட்டை எடுத்துக்கொண்டு ஆளைத் துரத்தியிருக்கிறது. அதற்குப் பெயர் திருட்டு.

இந்தக் கேள்வி உண்மையிலேயே கனமாக விழும் இடம் வேறு. மார்கோ ருப்னிக் என்ற பாதிரியார் உலகெங்கும் பல தேவாலயங்களுக்கு மொசைக் படங்கள் செய்தவர். பெண் துறவிகள் பலர் அவர்மீது பாலியல் கொடுமைக் குற்றச்சாட்டுச் சொன்னார்கள். கீழ்ப்படியாமைக்காக 2023இல், அவர் இருந்த கத்தோலிக்கத் துறவற அமைப்பான இயேசு சபை அவரை நீக்கியது. 2025 மார்ச்சில் பிரான்ஸின் லூர்து பேராலய வாசலில் இருந்த அவருடைய மொசைக் படங்களை மூடினார்கள். காயம்பட்டவர்கள் அந்த வாசலைத் தாண்டி ஜெபிக்க உள்ளே போக வேண்டும் என்பது காரணம். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் படத்தின் முன் மண்டியிட முடியாமல் துடிப்பவர் யார் என்பது. அதே கேள்வியை உங்கள் சபையில் கேட்டுப் பாருங்கள். அந்தப் பாட்டைக் கேட்டால் உங்கள் மகன் தனக்குச் செய்த கொடுமை நினைவுக்கு வரும் என்று சொல்ல ஒருவராவது இருக்கிறாரா? இருந்தால் உங்கள் கடிதத்தில் வந்திருக்கும். இங்கே காயம்பட்டவன் பாட்டை எழுதியவன்தான்.

ருஷ்யாவின் சைகோவ்ஸ்கி ஆண்களை நேசித்தவர், சகோதரருக்கு எழுதிய கடிதங்களில் அது இருக்கிறது. 1878இல் அவர் வழிபாட்டுக்கென்றே முழு இசை ஒன்றை அமைத்தார். அன்று அதிகாரிகள் அந்த அச்சுப் பிரதிகளைப் பறிமுதல் செய்தது, தங்கள் அனுமதி வாங்காமல் வெளியிட்டார்கள் என்பதற்காக. பதிப்பாளர் வழக்குப் போட்டு ஜெயித்தார். அந்த இசை அவர் பெயரோடுதான் இன்றும் பாடப்படுகிறது.

சபையின் நம்பிக்கைக்கு வருகிறேன். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்று உங்கள் சபை நம்புகிறது. பலிபீடத்தின் முன் எதை நடத்துவது, எதை மறுப்பது என்பது சபையின் உரிமை, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் உங்கள் மகன் ஆயரைக் கேட்கவில்லை, ஆலயத்தைக் கேட்கவில்லை. சட்டமும் உங்கள் சபையை எதற்கும் கட்டாயப்படுத்தவில்லை. தற்பாலுறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6இல். அதே நீதிமன்றம் 2023 அக்டோபர் 17இல், இவர்களுக்குத் திருமண உரிமையைத் தன்னால் தர முடியாது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கில் பேசப்பட்டதுகூட 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம், அதாவது பதிவாளர் அலுவலகக் கல்யாணம். உங்கள் ஆயர் நடத்தும் திருமணங்கள் 1872ஆம் வருடத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் கீழ் வருபவை, அதில் ஒரு எழுத்தும் மாறவில்லை. கமிட்டி எதற்குப் பயப்படுகிறது?

உங்கள் அக்காவுக்கு இரண்டே வரி. 'மாற்றும் சிகிச்சை' என்ற பெயரில் நடப்பதைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7இல் உத்தரவிட்டது, அதைச் செய்யும் மருத்துவர் தொழில் ஒழுக்கம் மீறியவர் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. மருத்துவரே செய்யக்கூடாததை ஜெபக்கூடத்தில் செய்வார்கள் என்று 33 வயது மகனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இனி செய்ய வேண்டியது.

முதலில் மகனிடம் சொல்லுங்கள். கமிட்டி செய்தது, ஆயர் சொன்னார் என்று ஆரம்பிக்காதீர்கள். 'உன் பெயரை எடுத்துவிட்டு மரபுப் பாடல் என்று போட்டது நான்' என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும். அழாதீர்கள். தாய் அழுதால் பிள்ளை தேற்றத் தொடங்கிவிடுவான், மன்னிப்புக் கேட்க வந்தவர் ஆறுதல் வாங்கிக்கொண்டு போனதாகிவிடும். அவன் கத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, பாட்டைப் புத்தகத்தில் வைக்க அவனுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். ஆராதனையில் பாடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. புத்தகமாக அச்சடிப்பதற்கு அந்த விலக்கு கிடையாது. அதே சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, உரிமையை விற்றுவிட்ட பிறகும்கூட 'ஆக்கியவன் நான்' என்று சொல்லும் உரிமை ஆக்கியவரிடமே இருக்கும். பதிவு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. கமிட்டியில் யாராவது சட்டம் பேசினால் இந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.

அவன் சம்மதித்தால் ஒட்டுச்சீட்டு அடியுங்கள். ஏ4 அளவில் பின்பக்கம் பசையுள்ள வெள்ளை ஸ்டிக்கர் தாள் வாங்குங்கள், பளபளப்பில்லாதது. 7 செ.மீ. நீளம், 1.2 செ.மீ. அகலத்தில் வெட்டினால் ஒரு தாளில் 72 சீட்டு வரும். ஐந்து தாள் போதும், கோணலாக ஒட்டிக் கெடுப்பதற்கும் மிச்சம் இருக்கும். தாள் மெல்லியதாக இருந்தால் அடியில் இருக்கும் பழைய எழுத்து தெரியும், அதனால் ஒன்றை ஒட்டி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மற்றதை அடியுங்கள். லேசர் பிரிண்டில் எடுங்கள். இங்க்ஜெட் மை நம் மலை ஈரத்தில் ஊறிப் பரவிவிடும். மைதாப் பசை வேண்டவே வேண்டாம், ஐப்பசி கார்த்திகை மழையில் பூஞ்சை பிடித்து, வெள்ளிப்பூச்சி வந்து பக்கத்தையே தின்றுவிடும். ஒட்டியதும் புத்தகங்களைப் படுக்கவைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். சீட்டில் 'சொல்லும் மெட்டும்' என்று போட்டு அவன் பெயர் மட்டும் இருக்கட்டும். 'முன்னாள் பாடகர்' போன்ற அடைமொழி எதுவும் கூடாது.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். புத்தகத்தின் கடைசியில் ஆசிரியர் அகரவரிசை இருந்தால் அங்கேயும் ஒட்ட வேண்டும். அச்சகத்தில் இருக்கும் மூலக் கோப்பையும் திருத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பதிப்பில் பழையதே வரும். ஆலயத்தில் புரொஜெக்டரில் காட்டும் ஸ்லைடு, வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப் இரண்டும் மாற வேண்டும். இந்தப் பாட்டைப் பாடும் பக்கத்துச் சபைகளுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

ஆயரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், ரகசியமாக ஒட்டாதீர்கள். 'பெயர் போடுவதானால் பாட்டே வேண்டாம்' என்று கமிட்டி சொல்லக்கூடும். சொன்னால் பாட்டை எடுத்துவிடட்டும். அது எனக்கு உடன்பாடில்லாத முடிவுதான், ஆனால் அதில் பொய் இல்லை. பெயரோடு பாடலாம், பாடாமலும் இருக்கலாம். நடுவில் இருக்கும் வழிக்கு நீங்கள் கையெழுத்துப் போடக்கூடாது.

விருந்துக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள். கோத்தகிரியில் இத்தனை வருடம் இருக்கிறீர்கள். படுகர் வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை முறை போய் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பீர்கள்? அங்கே நடந்த சடங்கை ஏற்றுக்கொண்டா போனீர்கள்? அந்த வீட்டாரின் நல்ல நாளில் பக்கத்தில் இருப்பது கடமை என்று போனீர்கள். அடுத்த வீட்டுக்குக் காட்டிய மரியாதையைச் சொந்த வீட்டுக்குக் காட்ட வேதத்தில் தடை தேடுவதை என்னால் ஏற்கவே முடியாது. குடும்பத்தில் கடமை ஆயர் அனுமதித்த பிறகு தொடங்குவதில்லை. உங்கள் கணவர் என்ன நினைக்கிறார் என்று நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. அவரிடம் கேட்டீர்களா? கேட்டுவிட்டு, அவர் வரவில்லை என்றாலும் நீங்கள் போங்கள்.

அங்கே இருக்கும்போது பேச வேண்டியது ஒன்று உண்டு. சட்டத்தின் கண்ணில் அந்த இன்னொரு பையன் உங்கள் மகனுக்கு யாருமில்லை. மகன் உயில் எழுதாமல் இறந்துபோனால், 1925ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அவன் சொத்து முழுவதும் அவன் அப்பாவுக்கு வரும். சேர்ந்து வாங்கிய வீடாக இருந்தாலும் மகனுடைய பங்கு அப்படித்தான். வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கலாம், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம் என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைப்பவர் மட்டுமே, வாரிசு வந்து கேட்டால் கொடுக்க வேண்டும். அதனால் இரண்டு பேரும் உயில் எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்து யாருக்குப் போகிறதோ அவர் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது, போட்டால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாமல் போகும். முத்திரைத் தாள் தேவையில்லை. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுவது பின்னால் சண்டையைக் குறைக்கும். சாட்சிகளில் ஒருவராக உங்கள் மகளைப் போடச் சொல்லுங்கள், அவளுக்கு அந்த உயிலில் பங்கு இல்லாத பட்சத்தில். நாளைக்கு மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அவர்கள் கூப்பிடப் போவது உங்களைத்தான். கூட வாழ்ந்தவனை வார்டுக்குள் விடுவதா, வராந்தாவில் நிறுத்துவதா என்பது பெரும்பாலும் உங்கள் வாயிலிருந்து வரும் சொல்லில் இருக்கும். உள்ளே விடுவோம் என்று இப்போதே, இரண்டு பேரும் இருக்கும்போது சொல்லிவிடுங்கள்.

மைசூர் வழியாகப் போவதானால் பந்திப்பூர்க் காட்டுப் பாதையை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அடைத்துவிடுவார்கள். விருந்து மாலையில் என்றால் அன்றே திரும்ப முடியாது. ஓட்டலில் அறை போடாதீர்கள், அவர்கள் வீட்டிலேயே தங்குங்கள்.